ஏழு வாரக் குஞ்சு: சேவலா, பெட்டையா?

மேடவாக்கம்_மாடி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மொட்டைமாடியில எட்டுக் குஞ்சு வளருது. ஏழு வாரம் ஆகப்போகுது. எது சேவல், எது பெட்டைன்னு எனக்குப் பிரிக்கத் தெரியலை. அவசரம் ஏன்னா, பின்வீட்டுல கைக்குழந்தை இருக்கு. முன்னாடி வெச்சிருந்த சேவல் விடிகாலை மூணரைக்கே ஆரம்பிச்சுடும். அதைக் கொடுத்துட்டு, இனிமே பெட்டை மட்டும்தான்னு அந்த அக்காகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். கூவ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சேவல்களைப் படப்பையில இருக்கற சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிடணும்.

சிக்கல் என்னன்னா எல்லாம் ஒரே ரகம் இல்லை. நாலு எங்க சிறுவிடையோட முட்டை. அப்பன் பக்கத்துத் தெரு கிராப்புச் சேவல், அதனால ரெண்டுக்குக் கழுத்துல இறகே இல்லை. ரெண்டு கருங்கோழி. ரெண்டு சித்தப்பா கொடுத்த பெருவிடை. படம் ஏத்தினா ஏற மாட்டேங்குது, எழுதிடறேன்.

கிராப்பு ஒண்ணுக்குக் கொண்டை நல்லா சிவந்து பல்லுப் பல்லா நிக்குது, கழுத்துத் தோலும் சிவப்பு. இன்னொண்ணுக்குக் கொண்டை வெளிர் மஞ்சள். சிறுவிடை ரெண்டும் இளஞ்சிவப்புல இருக்கு, பார்த்தா ரெண்டுங்கெட்டான். கருங்கோழி ரெண்டும் தலையிலேர்ந்து கால்வரைக்கும் கறுப்பு, ஒண்ணும் புரியலை. பெருவிடைக்குக் கொண்டையே இல்லாத மாதிரி இருக்கு, மூக்குக்கு மேல ஒரு தடிப்பு மட்டும்தான்.

பஞ்சாரம்_திருவொற்றியூர்:
கண்ணு, இதெல்லாம் முட்டை வெக்கும்போதே பார்த்து வெக்கணும். எங்க மாமியார் முட்டையைக் கையில உருட்டிப் பார்ப்பாங்க. கூர் முட்டைன்னா சேவல், உருண்டை முட்டைன்னா பெட்டை. உருண்டையா பொறுக்கித்தான் அடைக்கு வெப்பாங்க. நூல்ல ஊசியைக் கட்டிக் குஞ்சு மேல பிடிச்சாலும் தெரியும். வட்டமா சுத்தினா பெட்டை, நேரா ஆடினா சேவல்.

கணக்கு_வாத்தியார்:
அம்மா, கோபிச்சுக்காதீங்க. கோழி விஷயத்துல ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது தாய்தான். சேவல்கிட்ட ரெண்டு இசட் குரோமோசோம், பெட்டைகிட்ட ஒரு இசட், ஒரு டபிள்யூ. கருவுக்குள்ள எது போகுதுங்கறது மஞ்சள் கரு சினைப்பையை விட்டுக் கிளம்பற நேரத்துலயே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் வெள்ளைக்கரு சேருது, தோல் சேருது, கடைசியா இருபது மணி நேரம்போல ஓடு கட்டுது. கூர்மையும் உருண்டையும் அந்தக் குழாயோட கைவேலை. உள்ள இருக்கறது யாருன்னு அதுக்குத் தெரியாது. ஒரு கோழி ஆயுசு முழுக்கக் கூர் முட்டையே இடும், அதுலயும் பாதி பெட்டை பொரியும்.

ஊசி சொல்றதும் பாதிக்குப் பாதி சரியா வரும். நாணயம் சுண்டினாலும் அப்படித்தான் வரும்.

இதையும் சொல்லிடறேன். எட்டுல நாலு, நாலுன்னு எதிர்பார்க்காதீங்க. எட்டுல ஆறோ அதுக்கு மேலயோ சேவலா போறதுக்கு வாய்ப்பு 256ல 37. அதாவது ஏழு அடை வெச்சா ஒண்ணுல அப்படி நடக்கும். அதுல யாருக்கும் ராசி இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

பஞ்சாரம்_திருவொற்றியூர்:
வாத்தியாரே, எங்க மாமியார் வெச்ச அடையில பெட்டைதான் நெறைய வந்துச்சு. உங்க 256ஐ அவங்க எண்ணலை.

வியாசர்பாடி_வல்லூறு:
ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. அக்கா, கேளுங்க. ஏழு வாரத்துல ஒத்தைக் கொண்டைக் கோழிக்கு நூத்துக்கு எண்பது பங்கு சரியா சொல்லிடலாம். செவந்த கொண்டையோட நிக்குதே கிராப்பு, அது சேவல். அதுல டவுட்டே வேணாம். அந்த வயசுல பெட்டைக்குக் கொண்டை அவ்ளோ சிவக்காது. அலகுக்குக் கீழ தொங்கற தாடியைப் பாருங்க, அதுவும் சேவலுக்குத்தான் முன்னாடி வரும். வெளிர் மஞ்சள் கிராப்பு பெட்டை.

சிறுவிடை ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு பக்கத்துல நிறுத்திக் காலைப் பாருங்க. தனியா ஒண்ணைப் பார்த்தா எவனாலயும் சொல்ல முடியாது. ஒரே அடையில, ஒரே வயசுல, ஒரே ரகத்துல ரெண்டைப் பார்த்தாதான் கால் தடிப்பு, தலை அகலம், நிக்கற தோரணை தெரியும். சேவக்குஞ்சுக்குக் கால் எலும்பு தடியா, மூட்டு பெருசா இருக்கும். முதுகுலயும் தோள்பட்டையிலயும் இறகு லேட்டா மூடும், கொஞ்ச நாள் சொட்டையா திரியும். பெட்டை சீக்கிரமா மூடிக்கும், வாலும் முன்னாடியே விரியும்.

கருங்கோழியும் பெருவிடையும் வேற கதை. வேலை முடிச்சுட்டு நைட்டு எழுதறேன்.

போரூர்_புதுசு:
இவ்வளவு எதுக்கு? யூடியூப்ல பார்த்தேன், றெக்கையை விரிச்சு இறகைப் பார்த்தே சொல்லிடறாங்க. நீளமும் குட்டையுமா மாறி மாறி இருந்தா பெட்டை, ஒரே நீளமா இருந்தா சேவல். ஒரு செகண்ட்ல முடியற வேலை.

வேப்பேரி_மாணவன்:
போரூர் நண்பரே, அந்த வீடியோ பொய் இல்லை. ஆனா அது பண்ணையில அதுக்குன்னே உண்டாக்கின முட்டைக்கோழிக்குத்தான் பொருந்தும். இறகு மெதுவா முளைக்கற குணம் இசட் குரோமோசோம்ல இருக்கு, அது ஓங்கி நிக்கற குணம். மெதுவா முளைக்கற தாயையும் வேகமா முளைக்கற தகப்பனையும் சேர்த்தா, மகனுக்குத் தாயோட இசட் போகுது, மெதுவா முளைக்கும். மகளுக்குத் தகப்பனோட இசட் மட்டும்தான் போகும், வேகமா முளைக்கும். அதனால பொரிச்ச முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல றெக்கையைப் பார்த்தே பிரிச்சுடலாம். பெத்தவங்க அப்படி அமையலைன்னா அந்த நீளம், குட்டை எதையும் சொல்லாது. மேடவாக்கம் அக்காவோட சிறுவிடைக்கும் பக்கத்துத் தெருக் கிராப்புக்கும் யாரும் அப்படிப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பண்ணி வெக்கலை. தவிர, ஏழு வாரக் குஞ்சுக்கு அந்த வேலை காலாவதி.

இன்னொரு முறையும் யாராவது இங்க எழுதுவாங்க, அதையும் இப்பவே சொல்லிடறேன். மலவாயை அழுத்தித் திறந்து உள்ள இருக்கற சின்ன மணியைப் பார்க்கறது. ஜப்பான்ல 1920கள்ல ஆய்வு பண்ணி முறைப்படுத்தினாங்க. பயிற்சி எடுத்தவங்க மணிக்குச் சுமார் ஆயிரம் குஞ்சு பிரிப்பாங்க. சில பெட்டைக்கும் அதே மாதிரி ஒரு மேடு இருக்கும், அதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் அத்தனை பயிற்சி. பொரிச்ச ஒரு நாளுக்குள்ள பார்க்கணும். வீட்டுல முயற்சி பண்ணினா குடல் வெளிய வந்துடலாம். தயவுசெஞ்சு வேண்டாம்.

போரூர்_புதுசு:
அப்போ இன்குபேட்டர்ல சூடு ஏத்தி இறக்கிப் பெட்டையா பொரிக்க வைக்கலாம்னு ஒரு அண்ணன் சொன்னாரே?

வேப்பேரி_மாணவன்:
அது முதலைக்கு. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனீங்கன்னா கேட்டுப் பாருங்க, முட்டை கிடக்கற மண்ணோட சூட்டை வெச்சுத்தான் குஞ்சு ஆணா பெண்ணான்னு அமையும். கோழிக்கு அடைக்கு வெக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்ச விஷயம். சூட்டைக் கண்டபடி மாத்தினா பொரிக்காது, அவ்வளவுதான்.

குரோம்பேட்டை_குடும்பஸ்தன்:
இடையில ஒரு சந்தேகம். பையன் அடம் பிடிச்சான்னு பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பச்சை, ரோஸ் கலர் குஞ்சு வாங்கினேன். பிழைச்ச ரெண்டும் இப்ப வெள்ளையா ஆயிடுச்சு, கொண்டை பெருசா சிவக்குது. வித்தவர் பெட்டைன்னு அடிச்சுச் சொன்னார்.

வேப்பேரி_மாணவன்:
சாயம் பூசின குஞ்சுல பெட்டையைத் தேடறது வீண் சார். முட்டைக்கோழிப் பண்ணைக்குக் குஞ்சு பொரிக்கற இடத்துல, மேல சொன்ன மாதிரி முதல் நாளே றெக்கை பார்த்துப் பெட்டையை எடுத்துக்கறாங்க. சேவல் முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது, அதுக்குத் தீவனம் போட யாரும் தயாரா இல்லை. அதுல ஒரு பங்குதான் சாயத்துல முக்கித் தெருவுக்கு வருது. வெள்ளை லெகார்ன் ரகம், பெரிய ஒத்தைக் கொண்டை. உங்களுது ரெண்டும் அனேகமா சேவல்தான். இப்படிக் கழிக்கற சேவக்குஞ்சைக் கொல்றதை ஜெர்மனியில 2022 தொடக்கத்துலேர்ந்து சட்டம் போட்டுத் தடுத்திருக்காங்க. அங்க முட்டைக்குள்ளயே பார்த்துப் பிரிக்கற கருவிகள் வந்துடுச்சு.

குரோம்பேட்டை_குடும்பஸ்தன்:
பையன்கிட்ட சொல்லலை. முட்டைக்காகத் தினமும் கூண்டுக்குள்ள எட்டிப் பார்க்கறான்.

வியாசர்பாடி_வல்லூறு:
வந்துட்டேன். பெருவிடையைப் பத்திச் சொல்றேன்.

பெருவிடைக்குக் கொண்டையே மூணு வரி தடிப்புதான், பட்டாணியை வரிசையா ஒட்டி வெச்ச மாதிரி. சேவலுக்கும் அது சின்னதாதான் இருக்கும். அதனால கொண்டையை வெச்சுப் பார்க்கறவன் எல்லாச் சேவலையும் பெட்டைன்னு சொல்லிட்டுப் போயிடுவான். சந்தையில ஏமாத்தறதும் இதை வெச்சுத்தான். நான் பார்க்கறது நடு வரியை. ஏழெட்டு வாரத்துல சேவலுக்கு அந்த நடு வரி மட்டும் கொஞ்சம் எழும்பி அகலமா, சிவப்பா தெரியும். பெட்டைக்குச் சப்பையா தோலோட தோலா கிடக்கும். அப்புறம் கால். பெருவிடைச் சேவக்குஞ்சோட கால் அந்த வயசுலயே விரலால வளைச்சுப் பிடிச்சா தனியா தெரியும். நிமிர்ந்து நிக்கறதை நம்பாதீங்க, பெருவிடையில பெட்டையும் நிமிர்ந்துதான் நிக்கும். சண்டை போடறதையும் நம்பாதீங்க, பெட்டைங்களும் மாருக்கு மார் மோதும்.

கருங்கோழிக்குக் கலரை விட்டுடுங்க. கொண்டை கறுப்பா, கருஞ்சிவப்பா இருக்கும், சிவப்பு எப்ப வரும்னு காத்திருந்தா வராது. அளவை மட்டும் பாருங்க. ரெண்டுல எதுக்குக் கொண்டை உயரமோ, தாடி இறங்கியிருக்கோ அது சேவல். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ரெண்டும் சேவலா இருக்கலாம், இல்லை ரெண்டும் பெட்டையா இருக்கலாம், இன்னும் ரெண்டு மூணு வாரம் பொறுங்க.

வேப்பேரி_மாணவன்:
கருங்கோழிக்கு ஒரு சேர்க்கை. உண்மையான கருங்கோழி, அதாவது கடக்நாத், மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்துக் கோழி, 2018ல புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. இங்க அந்தப் பேர்ல விக்கறதுல கலப்பு நிறைய. வாயைத் திறந்து நாக்கைப் பாருங்க. நாக்கும் கறுப்பு ஓடியிருந்தா வல்லூறு அண்ணன் சொன்ன மாதிரி அளவை மட்டும் பாருங்க. நாக்கு சிவப்பா இருந்தா கலப்பு, அப்போ கொண்டை நிறமும் ஓரளவுக்கு உதவும்.

மேடவாக்கம்_மாடி:
நாக்கு ரெண்டுக்கும் சாம்பல் கறுப்பு. கடிக்கவும் செய்யுது. சிவந்த கிராப்பை நாளைக்கே படப்பைக்கு அனுப்பறேன். சிறுவிடை ரெண்டும் இன்னும் குழப்பம்தான், கால் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு. நிச்சயமா சொல்ற அடையாளம் எதுவும் கிடையாதா?

வியாசர்பாடி_வல்லூறு:
இருக்கு. ஆனா அதுக்குப் பத்து, பன்னெண்டு வாரம் ஆகணும். முதுகு இறகு.

காலையில வெயில்ல கோழியை மடியில வெச்சு, முதுகோட கடைசியில, வால் ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கற இறகை விரலால நீவிப் பாருங்க. பழைய இறகு நுனி வட்டமாதான் இருக்கும், அதைக் கணக்குல எடுக்காதீங்க. அதுக்கு நடுவுல புதுசா உறையை உடைச்சுக்கிட்டு வர்றதைத் தேடுங்க. சேவலா இருந்தா அந்தப் புது இறகு ஒடுக்கமா, நுனி கூரா, ஓரத்துல இழை ஒட்டாம மெல்லிசா, ஒரு பளபளப்போட வரும். ரெண்டு பக்கமும் இடுப்புல இருந்து கீழ சரிய ஆரம்பிக்கும். பெட்டைன்னா புதுசா வர்றதும் வட்ட நுனிதான், அகலம்தான், பளபளப்பு குறைச்சல். கழுத்து இறகும் அப்படித்தான் மாறும், ஆனா கழுத்துல பெட்டைக்கும் கொஞ்சம் கூரா வரும், அதனால நான் முதுகைத்தான் நம்புவேன். ஒத்தைக் கூர் இறகு கண்ணுல பட்டாப் போதும், மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் அது சேவல்.

வேப்பேரி_மாணவன்:
அண்ணன் சொல்றதுக்குக் காரணமும் இருக்கு. கொண்டையைச் சிவக்க வெக்கறது ஆண் ஹார்மோன். அது சேவல்ல சீக்கிரம் ஏறும், ஆனா முட்டையிடப் போற பெட்டைக்கும் சினைப்பையிலேர்ந்து கொஞ்சம் சுரக்கும். அதான் அஞ்சு மாசத்துல பெட்டைக்கும் கொண்டை சிவக்குது. ஏழு வாரத்துச் சிவப்பும் அஞ்சு மாசத்துச் சிவப்பும் ஒண்ணு இல்லை. முதுகு இறகு அப்படி இல்லை. அதை வட்டமா ஆக்கறது பெண் ஹார்மோன். அது இல்லைன்னா கோழி இறகு தானாவே சேவல் மாதிரிதான் வளரும். காயடிச்ச சேவலுக்குக் கொண்டை சுருங்கிடும், ஆனா கூர் இறகு அப்படியே இருக்கும்.

விதிவிலக்கு உண்டு. சில அசீல் வழியில, அதாவது பெருவிடையில, பெட்டை மாதிரி இறகு விட்ட சேவல் வரும். சித்தப்பாகிட்ட அப்படி ஒரு வழி இருக்கான்னு கேட்டுக்கங்க.

பஞ்சாரம்_திருவொற்றியூர்:
அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, எங்க வீட்டுல முட்டை இட்டுக்கிட்டிருந்த பெட்டையே ஒரு நாள் கூவிச்சு. கால்ல முள்ளு வேற வந்துச்சு. "பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா"ன்னு சொல்வாங்க, அதுக்காகவே எங்க மாமனார் அதைக் குழம்புல போட்டுட்டார். அதுக்கு உங்க புஸ்தகம் என்ன சொல்லுது?

வேப்பேரி_மாணவன்:
பாட்டி, அது நிஜமா நடக்கறதுதான். கோழிக்கு இடது பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். அது கட்டி வந்தோ, நோய் வந்தோ கெட்டுப் போனா பெண் ஹார்மோன் நின்னுடும். அடுத்த இறகு உதிர்ப்புல சேவல் இறகு வரும், கொண்டை பெருக்கும், முள் வரும், சிலது கூவும். சகுனம் ஒண்ணும் இல்லை, பாவம் நோய்க்கோழி. சேவலே இல்லாத கூட்டத்துல தலைமைப் பெட்டை ஒண்ணு நல்ல ஆரோக்கியத்தோடயே கூவிப் பார்க்கறதும் உண்டு.

கணக்கு_வாத்தியார்:
அப்போ அக்காவோட பின்வீட்டுக்குக் கொடுத்த வாக்குக்கு உத்தரவாதம் இல்லைன்னு சொல்றீங்க.

மட்டுறுத்துநர்:
குழம்புச் செய்முறைகளுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வந்த மூன்று பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

மேடவாக்கம்_மாடி:
சில வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும், குஞ்சுகளுக்கு அம்மை ஊசி, மாடிக்கு வலைன்னு அலைச்சல். ஞாயித்துக்கிழமை வெயில்ல உட்கார்ந்து ஒவ்வொண்ணா மடியில வெச்சுப் பார்த்தேன். சிறுவிடையில பழுப்பு நிறத்துக்கு முதுகுல ரெண்டு பக்கமும் கூரா, செம்பு நிறத்துல புது இறகு வந்திருக்கு. சேவல்தான். வேடிக்கை என்னன்னா அதைத்தான் நாங்க வீட்டுல எல்லாரும் பெட்டைன்னு நினைச்சோம், அவ்வளவு சாது. இன்னொரு சிறுவிடை எல்லாரையும் கொத்தி விரட்டும், அதுக்கு வட்ட இறகுதான்.

கருங்கோழியில ஒண்ணுக்கு மட்டும் கொண்டை உயர்ந்து தாடி இறங்கிடுச்சு. முதுகுல பச்சை மினுமினுப்போட கூர் இறகு. பெருவிடை ரெண்டுக்கும் நடு வரி சப்பைதான், முதுகுலயும் கூர் எதுவும் கண்ணுல படலை. சித்தப்பா போன்லயே "ரெண்டும் வெடைதான், என்கிட்ட தந்துடு"ங்கறார். வெடைன்னா இளம் பெட்டை. கொடுத்தது முட்டையாம், இப்ப கோழியா திரும்பக் கேட்கறார்.

வியாசர்பாடி_வல்லூறு:
பெருவிடை மெதுவா முதிரும் அக்கா. இன்னும் ஒரு மாசம் வெச்சிருந்து பாருங்க, அதுக்குள்ள அனேகமா கூவாது. சித்தப்பாவுக்கு அவசரமா எதையும் கொடுத்துடாதீங்க. நல்ல பெருவிடை வெடை என்ன விலை போகுதுன்னு அவருக்குத் தெரியும்.

பஞ்சாரம்_திருவொற்றியூர்:
வெடை முட்டைக்கு வந்துடுச்சான்னு பார்க்கறது நான் சொல்றேன், இதுல வாத்தியார் குறுக்க வர முடியாது. முட்டை வர்ற வாயிக்கு ரெண்டு பக்கமும் எலும்பு நுனி ரெண்டு தட்டுப்படும். சின்ன வெடைக்கு நடுவுல ஒரு விரல்தான் போகும். ரெண்டு விரல், மூணு விரல் தாராளமா போச்சுன்னா முட்டை வந்துடுச்சுன்னு அர்த்தம். முதுகைத் தொட்டா றெக்கையை விரிச்சுப் பதுங்கி உட்காரும். அப்பவே கூடையில வைக்கோல் போட்டு வெச்சுடு, இல்லாட்டி தண்ணி டேங்க் பின்னாடி போய் இட்டு வெக்கும்.

கணக்கு_வாத்தியார்:
இதுல எனக்கு மறுப்பே கிடையாது அம்மா.

மேடவாக்கம்_மாடி:
நன்றி பாட்டி. சிவந்த கிராப்பு முன்னாடியே போயாச்சு, இந்த ரெண்டு சேவலும் சனிக்கிழமை படப்பைக்குப் போகுது. பெருவிடையைப் பத்தி அடுத்த மாசம் எழுதறேன்.

போரூர்_புதுசு:
அப்படியே வாத்துக்கும் சொல்லிடுங்களேன். போரூர் ஏரிப் பக்கம் ஒருத்தர்கிட்ட நாலு குஞ்சு வாங்கியிருக்கேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.

வேப்பேரி_மாணவன்:
வாத்துக்குக் காதைத் தீட்டிக்கங்க. ரெண்டு மாசம் வாக்குல குரல் உடைஞ்சுடும். தூக்கிப் பிடிச்சதும் தெருவே கேட்கற மாதிரி கத்துச்சுன்னா பெட்டை, தொண்டை கட்டின மாதிரி கரகரன்னு மெதுவா வந்தா ஆண். அப்புறமா ஆணுக்கு வால் மேல ஒண்ணு ரெண்டு இறகு சுருண்டு நிக்கும். மணிலா வாத்தா இருந்தா இது பொருந்தாது, எந்த ரகம்னு புது இழையில எழுதுங்க.